கழலாத நட்டும் என் கரிநாக்கும்

நவம்பர் பிறந்தால் மொன்ட்ரியாலில் எல்லாருக்கும் ஒரே அவசரம்தான். டிசம்பர் முதலாம் திகதிக்குள் காருக்குக் குளிர்கால டயர் மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பொலிஸ் மறிக்கும். அந்த அவசரத்தில் நானும் வருடா வருடம் ஓடியிருக்கிறேன். ஆனால் போன நவம்பரில் எனக்குப் பொலிசும் பெரிதாகத் தெரியவில்லை, பனியும் பெரிதாகத் தெரியவில்லை. காரின் சில்லுகளில் இருக்கும் நட்டுகளுக்குப் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தேன். சிரிக்க வேண்டாம். அவற்றில் ஒன்றைக் கழற்றப்போய் என் கணவர் செத்துப்போவார் என்று எனக்குள் ஒரு நினைப்பு விழுந்துவிட்டது.

அந்த வருடம் பனி கரையும் காலத்தில் அவருக்குப் பைபாஸ் செய்திருந்தார்கள். நெஞ்செலும்பைப் பிளந்து, வேலை முடிந்ததும் கம்பி போட்டுக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது தாதி ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னாள். எலும்பு பொருந்தும்வரை ஒரு கலன் பாலின் பாரத்துக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது. பொருந்திய பிறகும், மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையும் தள்ளவோ இழுக்கவோ கூடாது. அந்த மூச்சைப் பிடிப்பதுதான் இதயத்துக்கு ஆகாது என்றாள். அவள் பிரெஞ்சில் சொன்னதை நான் ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டு, தமிழில் மனத்துக்குள் போட்டு வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் எதைத் தொட்டாலும் என் கண் அவருடைய வாய்க்குத்தான் போகும். உதடு இறுகியிருக்கிறதா, கன்னம் உப்பியிருக்கிறதா, மூச்சு போய் வருகிறதா என்று பார்ப்பேன். ஊறுகாய்ப் போத்தலைக்கூட அவர் கையிலிருந்து பறித்து நானே திறப்பேன்.

இந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பாதி குறைந்திருக்கும். ஆனால் எங்கள் ஆட்களிடம் கெட்டதை வாயால் சொல்லும் பழக்கம் இல்லை. வீட்டை விட்டுப் புறப்படுகிறவர் 'போறன்' என்று சொல்லவே கூடாது, 'போட்டு வாறன்' என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கும் மேலால் ஒரு தடை இருந்தது. எனக்குக் கரிநாக்கு. நாக்கின் நுனியில் உண்மையாகவே மிளகளவில் ஒரு கறுப்பு மச்சம் இருக்கிறது. நான் சொல்லும் கெட்டது பலிக்கும் என்பது எங்கள் இரண்டு பக்கக் குடும்பமும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம். ஒரு கலியாண வீட்டில் "உந்தக் கேக் சரியப்போகுது" என்றேன், சரிந்தது. அதை ஆடுகிற மேசையில் வைத்திருந்தார்கள், கண் உள்ள எவரும் சொல்லியிருப்பார்கள். ரொறொன்ரோவுக்குப் போகும்போது "இந்த பஸ் இடையில நிக்கும்" என்றேன், கிங்ஸ்டனுக்குக் கிட்ட நின்றது. அதற்குப் பிறகு அவருடைய தங்கச்சி எனக்கு டெலிபோன் எடுத்தால், "அண்ணி, நாளைக்கு எனக்கு இரத்தப் பரிசோதனை இருக்கு, நீங்கள் ஒண்டும் சொல்லிப்போடாதைங்கோ" என்றுதான் தொடங்குவாள். பகிடிதான். ஆனால் பகிடி விட்டபிறகு, நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள்.

நானும் அதை நம்பினேனா என்று கேட்டால், பகலில் நம்பமாட்டேன், ஆஸ்பத்திரிக்குள் போனால் நம்புவேன். அவர் அங்கே கிடந்த நாட்களில் 'செத்தால்' என்ற சொல் நினைப்பில் வந்தால்கூடப் பாதியில் வெட்டிவிடுவேன். வீட்டுக்கு வந்த பிறகு பைபாசுக்கு 'அந்த அலுவல்' என்று பெயர் வைத்தோம். "அந்த அலுவலுக்கு முதல்", "அந்த அலுவலுக்குப் பிறகு" என்று நாட்களைப் பிரித்துக் கதைத்தோம். படுத்திருக்கும் நாயை எழுப்பாமல் சுற்றி நடப்பதுபோல இரண்டு பேரும் அதைச் சுற்றி நடந்தோம்.

முன்பெல்லாம் கார் ஓடியவர் அவர்தான். டெலிவரி வேலை செய்தவர், இந்த நகரத்தின் எந்தக் குழி எந்தத் தெருவில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்த அலுவலுக்குப் பிறகு அவருடைய வேலை நின்றது, கார்த் திறப்பு என் கைக்கு வந்தது. எனக்கு லொங்குய்யில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. மொன்ட்ரியால்-நோரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஆற்றைக் கடந்து அந்தப் பக்கம் போக வேண்டும். விடியற்காலை வேலைக்கு பஸ்சும் மெட்ரோவும் சரிவராது. லைசன்ஸ் எடுத்துப் பல வருடமாகியும் கடை, கோயில் தாண்டி நான் ஓடியதில்லை. முதல் சில நாள் அவர் பக்கத்தில் இருந்து பழக்கினார். பழக்கினார் என்ன, தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். பாலத்தில் லொறிகளுக்கு நடுவில் நான் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில், தினமும் மாப் பிசைகிற என் விரல்களே நொந்தன. பேந்து தனியாகப் போய் வரப் பழகிவிட்டேன்.

நவம்பரில் கராஜுக்கு அழைத்தேன். டிசம்பர் நடுப்பகுதிவரை இடமில்லை என்றார்கள். வேறு கராஜ் தேடுவோம் என்று சாப்பாட்டு மேசையில் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"வேற கராஜ் என்னத்துக்கு? நானே கழட்டி மாத்திறன்."

"நீங்களோ?"

"பின்ன ஆர்? வருசா வருசம் நான்தானே மாத்தினது. இந்தக் கோடைக்கு மட்டும்தானே கராஜில போட்டது. ஞாயிற்றுக்கிழமை செய்வம்."

அவர் நட்டுக் கழற்றும் விதம் எனக்குத் தெரியும். டிக்கிக்குள் கிடக்கும் வீல் பிரேஸை, அந்த வளைந்த இரும்புச் சாவியை, நட்டில் மாட்டுவார். கன்னம் இரண்டும் உப்ப, கழுத்து நரம்பு புடைக்க, ஒரே மூச்சில் அழுத்துவார். அசையாவிட்டால் பிடியின்மேல் ஏறி நின்று குதிப்பார். மூச்சைப் பிடிக்காமல் நட்டுக் கழற்றிய மனிதர் ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. வேண்டாம் என்றால் அவருக்கு ரோசம் வரும், ஏன் என்று கேட்பார். காரணத்தைச் சொன்னால் அது என் நாக்கால் சொன்னதாகிவிடும். "சரி, பாப்பம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து தட்டுகளைக் கழுவினேன்.

கழுவி முடிப்பதற்குள் ஒரு வழி பிடிபட்டது. அவரைத் தடுக்க முடியாது, ஆனால் நட்டை முன்கூட்டியே இளக்கி வைக்கலாம். ஒரு நட்டின் பிடிவாதமெல்லாம் முதல் அசைவில்தான் இருக்கிறது. ஒருதரம் அசைந்து கொடுத்துவிட்டால் பிறகு விரலாலேயே சுழற்றலாம். எல்லாவற்றையும் நான் இளக்கி, மெல்லமாகத் திரும்ப இறுக்கி வைத்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து சும்மா அழுத்துவார், கழன்றுவிடும். தன் பலம் இன்னும் போகவில்லை என்று சந்தோஷப்படுவார். நானும் ஒன்றும் தெரியாதவள்போலத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுப்பேன். சனிக்கிழமை காலையில் அவருக்கு நெஞ்சுக்காரருக்கான உடற்பயிற்சி வகுப்பு, பஸ்ஸில் போய் வருவார். எனக்கு அன்று லீவு.

அவர் "போட்டு வாறன்" என்று கதவைச் சாத்தியதும் நான் கீழே இறங்கினேன். கட்டடத்துக்குப் பின்னால், சந்துபோன்ற ஒழுங்கையோரமாகக் கார் நின்றது. நிலத்தில் மெல்லிய பனி. டிக்கியிலிருந்த வீல் பிரேஸை எடுத்து முதல் நட்டில் மாட்டி இடப்பக்கமாகத் தள்ளினேன். மயிரளவும் அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினேன். பிறகு அவரைப் போலவே பிடியின்மேல் ஏறி நின்றேன். பிரேஸ் நட்டை விட்டு வழுக்கி, என் கால் விரலுக்குப் பக்கத்தில் தார் நிலத்தில் விழுந்து துள்ளியது. நட்டின் ஒரு மூலை வெள்ளையாகச் சீவுப்பட்டிருந்தது. ஆரோக்கியமான என்னையே இது இந்தப் பாடு படுத்துகிறதென்றால், கம்பி போட்டுக் கட்டிய நெஞ்சை என்ன செய்யும்?

காருக்குள் ஏறியிருந்து போனில் வீடியோ பார்த்தேன். ஒரு மனிதர் குந்தியிருந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். காரோடு வரும் பிரேஸ் அவசரத்துக்கு மட்டும்தான், இறுகிய நட்டுக்கு உதவாது. அதன் பிடி கட்டை. தளர்வாகப் பிடிப்பதால் நட்டின் மூலைகளைத் தின்றுவிடும், மூலை போன நட்டைப் பிறகு ஒன்றாலும் கழற்ற முடியாது. சில்லு நிலத்தில் ஊன்றி நிற்கும்போதே நட்டை இளக்க வேண்டும், தூக்கிய பிறகு பலமாகத் தள்ளினால் கார் ஜாக்கியிலிருந்து விழும். நல்லவேளை, ஜாக்கி என்ற பேச்சே என் திட்டத்தில் இல்லை.

நட்டுகள் எல்லாம் இறுக்கமாகத்தானே இருக்கின்றன என்ற தைரியத்தில் காரிலேயே சாமான் கடைக்குப் போனேன். அந்தத் தைரியத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

கடையில் ஒரு சுவர் முழுக்க வேலை ஆயுதங்கள் தொங்கின. முதலில் கண்ணில் பட்டது பற்றரியில் ஓடும், துப்பாக்கிபோல இருக்கும் கருவி. கராஜில் டகடகவென்று நட்டுக் கழற்றுவார்களே, அது. கையில் எடுத்தேன், பாரமாக இருந்தது. அந்தச் சத்தத்தை எங்கள் ஒழுங்கையில் எழுப்பினால் கட்டடமே பல்கனிக்கு வந்துவிடும். அவரிடம் யாராவது சொல்லிவிடுவார்கள் என்று திரும்ப வைத்தேன். அடுத்தது நாலு கையும் சமமாக நீட்டிய சிலுவைச் சாவி. இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றலாம், வழுக்காது. ஆனால் அந்தக் கைகள் என் பலத்துக்கு நீளம் போதாது. பிறகு ஒரு நீளப் பிடியைக் கண்டேன், என் விரல் நுனியிலிருந்து தோள்வரை நீளம். நீளம் கூடக் கூடப் பலம் குறைவாகத் தேவைப்படும் என்பது அகப்பை பிடித்தவளுக்குத் தெரியாததா? முதியோர் இல்லத்துப் பெரிய அண்டாவை நான் கிண்டுவதும் நீளப் பிடியால்தான். அதை எடுத்துக்கொண்டேன்.

பிடியின் நுனியில் மாட்டும் கிண்ணத்துக்குச் சொக்கட் என்று பெயர். அதில் இரண்டு வகை இருந்தது. ஒன்றின் உட்பக்கம் பன்னிரண்டு மூலை, மற்றதற்கு ஆறு. நட்டுக்கும் ஆறு மூலைதான் என்பதால் ஆறு மூலைச் சொக்கட் பக்கங்களை முழுதாகப் பிடிக்கும், மூலையைத் தின்னாது. வீட்டுப் பிரேஸைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அதை வெளியே எடுத்து, கறுப்பு நிறத்தில் சுவர் தடித்த சொக்கட்டுகளோடு வாயும் வாயுமாக வைத்து அளவு பார்த்தேன். கடைப்பெண் என்னையும் கைப்பையையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் "மெர்சி, மெர்சி" என்று சொல்லி நகர்ந்தேன். கடைசியாகத் துருவுக்குள் ஊறி இறங்கும் ஸ்ப்ரே ஒன்று எடுத்தேன். வீட்டில் நல்லெண்ணெய் இருக்கிறதே என்று ஒரு கணம் யோசிக்காமலில்லை. நல்லெண்ணெய் தலைக்குத்தான் சரி, அது மேலே வழிந்து நிற்குமே தவிர நட்டின் சுருள் மரைக்குள் இறங்காது.

எத்தனை இறுக்கம் சரி என்று 'டிக்' என்ற சத்தத்தால் சொல்லும் ஒரு சாவியும் அங்கே தொங்கியது. அதனால் நட்டை இளக்கக்கூடாது, இறுக்க மட்டும்தான் பாவிக்க வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு இறுக்குவதில் ஒரு பிரச்சினையும் இல்லையே என்று அதைத் தொடாமல் வந்தேன்.

திரும்பி வந்து ஒவ்வொரு நட்டுக்கும் ஸ்ப்ரே அடித்து, ஊறட்டும் என்று விட்டேன். கைகளை அக்குளுக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு ஒழுங்கையின் முனையைப் பார்த்தபடி நின்றேன். கள்ள வேலை செய்கிறவளுக்கு வரும் பயம் ஒன்று, அவர் வந்துவிடுவாரே என்ற பயம் இன்னொன்று. பிறகு பயணி இருக்கும் பக்கத்துப் பின் சில்லில் தொடங்கினேன். சொக்கட்டை ஆழமாக மாட்டி, நீளப் பிடியைக் கிடையாக வைத்து, கையை நீட்டி உடம்புப் பாரத்தைக் கீழே விட்டேன். "மூச்சை விடு, மூச்சை விடு" என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். டக் என்று ஒரு சத்தம். ஏதோ முறிந்துவிட்டது என்று பிடியை விட்டுப் பின்னால் பாய்ந்தேன். முறியவில்லை. நட்டு அசைந்திருந்தது. அந்த நேரம் எனக்கு வந்த சந்தோஷத்தில் காரைக் கட்டிப்பிடித்திருப்பேன்.

அந்தப் பக்கத்து இரண்டு சில்லும் ஒருமாதிரிச் சரிவந்தன. சாரதிப் பக்கத்துப் பின் சில்லு இன்னும் கடினமாக இருந்தது. எந்தப் பேயை வைத்து இறுக்கினான் இந்தக் கராஜ்காரன் என்று அவனுடைய பரம்பரையையே சத்தமாகத் திட்டினேன். சாரதிப் பக்கத்து முன் சில்லுக்கு வந்தபோது என் திட்டும் முடிந்தது, பலமும் முடிந்தது. பிடி வில்லாக வளைந்தது, நட்டு அசையவில்லை. திரும்ப ஸ்ப்ரே அடித்தேன். திரும்பத் தொங்கினேன். அசையவில்லை.

"இஞ்ச என்ன செய்யிறீர்?"

அவர் உடற்பயிற்சிப் பையோடு பின்னால் நின்றார். கடையில் நான் சொக்கட்டுக்கு வாய் பார்த்துக்கொண்டு நின்றதில் நேரம் போனது தெரியவில்லை. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருடைய முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஒண்டுமில்லை. நட்டுகளை இளக்கி வைக்கிறன். நாளைக்கு உங்களுக்கு லேசா இருக்குமெல்லே."

"உந்தச் சில்லைத் தொடாதையும். விடும், நான் பாக்கிறன்."

"நீங்கள் வேண்டாம்."

"விடும் எண்டுறன்."

பையைப் போட்டுவிட்டு வந்து பிடியைப் பிடித்தார். நான் விடவில்லை. இரும்புக்கு மேல் நாலு கை. வேண்டாம் என்பதற்குக் காரணத்தை நானும் சொல்லவில்லை, ஏன் தொடக்கூடாது என்று அவரும் சொல்லவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் பிடியின்மேல் சாய்ந்தார். நான் அவருடைய வாயைப் பார்த்தேன். உதடு இறுகியிருந்தது. கன்னம் உப்பியது. கழுத்து நரம்பு எழும்பியது.

"மூச்சை விடுங்கோ," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

வெடித்ததுபோல ஒரு சத்தம். அவர் முழங்காலில் விழுந்து, அப்படியே சில்லில் சாய்ந்து பனியில் இருந்தார். ஒரு கை நெஞ்சில்.

அந்தச் சத்தம் அவருடைய நெஞ்சுக்குள் இருந்து வந்தது என்றுதான் நினைத்தேன். கம்பி அறுந்துவிட்டது, எலும்பு பிளந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தக் கணத்தைப் பற்றி வேறு ஒன்றும் எனக்கு ஒழுங்காக ஞாபகமில்லை. அவருடைய ஜக்கெட்டின் சிப்பை இழுத்தேன், அது பாதியில் சிக்கியது. கழுத்தடியால் கையை விட்டு, வெட்டுத் தழும்பின்மேல் வைத்தேன். உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. வேகமாக, ஆனால் அடித்துக்கொண்டிருந்தது.

"நோகுதோ?"

"இல்லை."

"மூச்சு?"

"வருது. ஒண்டுமில்லையப்பா. போல்ட் முறிஞ்சுபோச்சு."

சொக்கட் அவருக்குப் பக்கத்தில் பனியில் கிடந்தது. அதற்குள் நட்டும், நட்டுக்குள் முறிந்த போல்ட்டின் துண்டும் இருந்தன. அவர் அதை எடுத்து முறிந்த இடத்தை உற்றுப் பார்த்தார். பிறகு அழத் தொடங்கினார். சத்தமில்லாமல், வாயைத் திறந்து அழுதார். எனக்குத் திரும்பவும் பயம் பிடித்தது. நோவை மறைக்கிறார் என்று நினைத்து, அம்புலன்சுக்கு அடிக்க போனைத் தேடினேன்.

"கராஜ்காரன் இல்லை," என்றார். "நான்தான்."

"என்ன நீங்கள்தான்?"

"நான்தான் இறுக்கினது."

"எப்ப?"

"ஒவ்வொரு நாளும். நீர் வேலையால வந்து குளிக்கப் போன உடன."

நான் குளிக்கும் நேரத்தில்தான் அவர் குப்பை போடக் கீழே போவார். கோடை முழுக்கப் போனார். இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் நாளுக்கு நாள் என்ன குப்பை என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. நடக்கட்டும், உடம்புக்கு நல்லது என்று விட்டிருந்தேன். வீல் பிரேஸின் பிடிக்கு மேல் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, தன்னால் ஏலுமானவரை இறுக்கிவிட்டுத்தான் மேலே வருவாராம். சாரதிப் பக்கத்துச் சில்லுகளைக் கூடக் கொஞ்சம் இறுக்குவாராம்.

"அது ஏன்?"

"நீர் இருக்கிற பக்கமெல்லே."

"எதுக்கப்பா இறுக்கினனீங்கள்?"

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பாலத்தில வரேக்க நீர் சொன்னது ஞாபகமில்லையோ? 'கடகடக்குது, இந்தச் சில்லு ஒருநாள் கழண்டு ஆத்துக்குள்ள ஓடப்போகுது' எண்டு."

ஞாபகம் வந்தது. கார் பழகத் தொடங்கிய முதல் நாட்களில் ஒன்று. கடகடத்தது சீட்டுக்குக் கீழே உருண்ட தண்ணீர்ப் போத்தல். லொறிகளைக் கண்டு வந்த நடுக்கத்தை மறைக்க நான் ஒரு பகிடி விட்டேன். அவரும் சிரித்தார். சிரித்த மனிதர் அன்றைக்கே குழாயைத் தேடி எடுத்திருக்கிறார்.

"உம்மட வாய் எனக்குத் தெரியாதே?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் என்றால், அந்த நீளப் பிடியால் காரின் கண்ணாடியை உடைக்கலாம் போல வந்தது. அவர் ஊறுகாய்ப் போத்தல் திறப்பதைத் தடுத்துக்கொண்டு நான் மேலே இருந்திருக்கிறேன். அவர் கீழே, எலும்பு பொருந்தியும் பொருந்தாத நெஞ்சோடு, யாரும் பார்க்காத ஒழுங்கையில், மூச்சைப் பிடித்துப் பிடித்து இரும்பை இறுக்கியிருக்கிறார். நான் குளித்துவிட்டு வரும்போது கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிப்பார், களைப்பாக இருக்கிறது என்பார். அந்த அலுவலால் வந்த களைப்பு என்று நான் நினைத்துக்கொள்வேன். ஒருநாள் அந்தக் குழாயோடு அவர் அங்கேயே விழுந்திருந்தால், நான் தலையைத் துவட்டிக்கொண்டு அவர் வருவார் என்று பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன்.

போல்ட்டின் கதையைத் திங்கட்கிழமை, காரை இழுத்துப்போன கராஜில்தான் அறிந்தேன். அளவுக்கு மேல் இறுக்கினால் போல்ட் மெல்ல மெல்ல இழுபட்டு மெலிந்துவிடுமாம். சாரதிப் பக்கத்தில் இன்னும் சிலது அப்படி மெலிந்து, முறிய ஆயத்தமாக இருந்தன. இப்படியே ஓடியிருந்தால் ஒன்று முறிய, மற்றவையும் முறிய, சில்லு போயிருக்கும் என்று அவர்கள் சொன்னார்கள். என் வாய்க்குப் பயந்து அவர் செய்த வேலைதான் என் வாயைப் பலிக்க வைக்கப் பார்த்தது. அந்தச் சில்லில்தான் நான் தினமும் பாலத்தைக் கடந்தேன். தான் இறுக்கியதைக் கராஜ்காரர் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றுதான் வேறு கராஜ் தேட அவர் விடவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது.

ஆனால் பனியில் அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டேன். "சொன்னால்..." என்று தொடங்கி அவர் நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை அவர் சொல்லத் தேவையில்லை. ஒருவருக்கொருவர் பயந்து வாயைக் கட்டிக்கொண்டு இருந்த இரண்டு பேர் நாங்கள்.

அவரைப் பிடித்து எழுப்பிக் காருக்குள் இருத்தினேன். இனி அந்தக் கார் ஓடக்கூடாது, இழுவை வண்டிக்கு அழைத்தேன். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிச் சூட்டைக் கூட்டினேன். எங்கள் மூச்சின் ஈரம் படிந்து கண்ணாடிகளில் புகார் ஏறி வெளியே ஒன்றும் தெரியாமல் போனது. அவர் பயணியின் இடத்தில், எண்ணெய்க் கறை படிந்த கைகளை மடியில் வைத்திருந்தார். மூச்சு ஒழுங்காகப் போய் வந்தது. நான் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அப்போது சொல்லிவிட்டேன்.

"நீங்கள் செத்துப்போவியள் எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு."

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். உண்மையாகவே கடித்தேன், இரத்தம் உப்புக் கரித்தது. ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் அத்தனை காலம் உள்ளே பிடித்து வைத்திருந்த சொல் அந்தச் சின்னக் காருக்குள் வந்துவிட்டது. இனி அதைத் திரும்ப எடுக்க முடியாது. அவர் ஏதாவது செய்வார், கதவைத் திறந்து போய்விடுவார், என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் புகார் படிந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும்," என்றார்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"உம்மட வாய் பலிக்குமெண்டால், நான் இருப்பன் எண்டு சொல்லுமன்."

எல்லாரும் என்னிடம் வாயை மூடு என்றுதான் கேட்டிருக்கிறார்கள். ஒன்றைச் சொல் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நான் வாயைத் திறந்தேன், சொல் வரவில்லை. கேக் சரியும், பஸ் நிற்கும், சில்லு ஓடும் என்று யோசிக்காமல் சொல்லத் தெரிந்த நாக்கு அப்படியே நின்றது. இந்த நாக்கு கெட்டதுக்கு மட்டும்தான் வேலை செய்யுமோ, நல்லதைச் சொன்னால் அது தலைகீழாகிப் போகுமோ என்று பயம் வந்தது. அன்று காலையிலிருந்து பட்ட எல்லாப் பயத்தையும்விட அது பெரிதாக இருந்தது. அவர் காத்திருந்தார்.

"வாற வருசம் சில்லு மாத்தேக்க நீங்கள் பக்கத்தில இருப்பியள்," என்றேன்.

"அதுக்கடுத்த வருசம்?"

"அதுக்கடுத்த வருசமும்."

"அதுக்கங்கால?"

இழுவை வண்டி ஒழுங்கைக்குள் திரும்பியது. அதன் மஞ்சள் வெளிச்சம் கண்ணாடிப் புகாரில் சுற்றிச் சுற்றி விழுந்தது. சாரதி இறங்கி வந்து என் பக்கத்து ஜன்னலில் தட்டினான். நான் கதவைத் திறக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லிப்போட்டு இறங்கும்," என்றார்.